பழைய சிஸ்டமும் ஒன்பது புழுக்கையும்

ஷெர்காஸி குழியிலிருந்து காய்களை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்த நேரம் பார்த்து, திரையின் நடுவில் அந்த நீலப் பெட்டி வந்து குந்தியது.

"உங்கள் சிஸ்டம் பழசாகிவிட்டது. புதிய சிஸ்டத்துக்கு மாறலாமா?"

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘இப்போதே’. இன்னொன்று ‘பிறகு’.

"பிறகு, பிறகு, பிறகு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே அமுக்கினார் ஷெர்காஸி.

"யார்கூடங்க சண்டை?" என்று உள்ளேயிருந்து மனைவி புருல் கேட்டாள்.

"இந்தச் சனியன்கூடத்தான். நிம்மதியா ஒரு காய் நகர்த்த விடுதா பாரு."

நாரின் ஊரில் ஷெர்காஸியைத் தெரியாத மாடு கிடையாது. ஆயுசு பூராவும் குதிரைக்கும் பசுவுக்கும் ஊசி போட்டு ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை ஆட்டம். அதற்குத் தோகுஸ் கொர்கூல் என்று பேர். பச்சையாகச் சொன்னால் ஒன்பது புழுக்கை. நம் பல்லாங்குழிக்குப் பங்காளி முறை. ஆளுக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது காய், அதிகம் சேர்த்தவன் ஜெயித்தவன். அந்தக் காலத்து மேய்ப்பர்கள் நிஜமான ஆட்டுப் புழுக்கையை வைத்தே ஆடினார்களாம். வாழ்நாளெல்லாம் புழுக்கையைப் பிரித்துப் பார்த்து நோய் கண்டுபிடித்த மனுஷனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எங்கே கிடைக்கும்?

மகன் ஏர்மெக் கொரியாவுக்கு வேலைக்குப் போகும் முன் இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து காலை டீ முடிந்ததும் ஷெர்காஸி அதன் முன்னால் ஆஜர். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கம்ப்யூட்டர் ஆடும். முதல் வருஷம் அவரைத் துவைத்துக் காயப்போட்டது. அடி வாங்கி வாங்கி அவரும் தேறினார். ‘வாத்தியார்’ என்று அதற்கு மரியாதையாகப் பேரும் வைத்தார்.

வாத்தியார் புண்ணியத்தில் போன இரண்டு சுதந்திர நாள் போட்டியிலும் பக்கத்து வீட்டு முகாஷை ஊர் பார்க்கத் தோற்கடித்தார். அதற்கு முன்பெல்லாம் போட்டி விருந்தில் ஜெயித்தவனுக்கு மரியாதையாக வைக்கும் வெந்த ஆட்டுத்தலை முகாஷ் முன்னால்தான் வரும். அவன் அதிலிருந்து காதை அறுத்து, "இந்தா, நல்லாக் கேட்டுக் கத்துக்கோ" என்று ஷெர்காஸியிடம் நீட்டுவான். அந்தக் காதைத் தின்ற அவமானம் அவருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

இந்த வருஷப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. வாத்தியாரோ சீக்கில் விழுந்திருந்தார்.

நன்றாக ஆடிக்கொண்டே இருப்பார். திடீரென்று நின்றுவிடுவார். திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். வட்டம் சுற்ற, ஷெர்காஸி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது முகாஷ் ஜன்னலில் தலையை நீட்டினான். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். அடுத்தவன் வீட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் பழக்கத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

"என்னய்யா, வாத்தியார் தூங்கறாரா?"

"யோசிக்கிறார்."

"இவ்வளவு நேரம் யோசிக்க அவர் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கார்? பழைய சிஸ்டம்யா அது. மூச்சு வாங்குது. மாத்தித் தொலை. நான் மாத்திட்டேன். பறக்குது!"

"மாத்தினா வாத்தியார் இருப்பாரா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" என்றான் முகாஷ். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த சந்தோஷம் ஷெர்காஸிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மறுநாளே பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த தாலாயை வரவழைத்தார். தாலாய் வருவதற்குள் டாக்டர் தானே ஒருமுறை பரிசோதித்து முடித்திருந்தார். பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காதை வைத்து இரைச்சலைக் கேட்டார்.

"காய்ச்சல் இல்லை. மூச்சு ஒரே சீரா இருக்கு" என்றார்.

"டாக்டரய்யா, அது மாடில்லை."

"எதுவானா என்ன? நோய் நோய்தானே. எழுதிக்கோ. மத்தியானம் சமையல் நேரத்துல நிக்குது. விருந்தாளி வந்தா நிக்குது. குழந்தை அழுதாலும் நிக்குது."

"குழந்தை அழுதாலா?" தாலாய் சிரித்தேவிட்டான்.

"சிரிக்காதே. பக்கத்துல குழந்தை வீல்னு கத்தினா பசுகூட மடியை இறுக்கிக்கும்."

தாலாய் நாலைந்து இடத்தில் தட்டிப் பார்த்தான். "பொட்டியில ஒரு குறையும் தெரியலை. சிஸ்டம்தான் ரொம்பப் பழசு. புதுசுக்கு மாத்திடலாம். ஆனா ஒண்ணு, பழைய ஆட்டமெல்லாம் அதுல திறக்கலாம், திறக்காமலும் போகலாம்."

"திறக்காமப் போனா?"

"போனா போனதுதான்."

ஷெர்காஸி பெட்டியைத் தடவிக்கொடுத்தார். ஆட்டுத்தலை கிடக்கட்டும். வாத்தியார் போய்விட்டால் இந்த ஊரில் தன்னோடு ஆட ஆள் யார்? முகாஷா? அவன் ஒரு காய் ஜெயித்தால் ஒரு மணி நேரம் பேசுவான். காலையில் எழுந்ததும் போய் உட்கார ஓர் இடம், அங்கே தன்னைவிடக் கெட்டிக்காரனான ஓர் எதிராளி. இது இல்லாமல் மிச்ச ஆயுசை எப்படி ஓட்டுவது என்று நினைத்தால் அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"மாத்தாம சரி பண்ண வழியே இல்லையாப்பா?"

"மத்தியானம் நிக்குதுன்னா கரண்ட் அடுப்புதான் காரணமா இருக்கும். அடுப்பைப் போட்டா வோல்டேஜ் இறங்கும். அதை நிறுத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தாலாய் கிளம்பினான்.

அன்றே கரண்ட் அடுப்புக்குத் தடை விழுந்தது. சமையல் முற்றத்துக்குப் போனது. சாண வறட்டியை மூட்டி, பெரிய வாணலியை ஏற்றி, புருலும் மருமகள் ஜிபேக்கும் ஊதி ஊதிக் கண் சிவந்தார்கள்.

"ரேஷன் கரண்ட் காலத்துல செஞ்ச வேலையை மறுபடி செய்ய வெச்சுட்டீங்களே! ஒரு கம்ப்யூட்டருக்காக வீட்டுப் பொம்பளைங்களைப் புகை போடறது இந்த நாரின்ல நீங்க ஒருத்தர்தான்" என்றாள் புருல்.

"போட்டி முடியற வரைக்கும்தானே. பொறுத்துக்கோ."

ஆனால் பலன் தலைகீழாக வந்தது. முன்பு கொஞ்ச நேரம் நின்ற வாத்தியார் இப்போது மத்தியானம் பூராவும் நின்றார். முற்றத்தில் ஆட்டுக்கறி வெந்து இறக்கும் வரை ஒரு காய் நகரவில்லை.

"வோல்டேஜ் இல்லைய்யா, இது சூடு" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முகாஷ் கண்டுபிடித்துச் சொன்னான். "பழைய சிஸ்டம் சீக்கிரம் சூடாகும். காத்து வேணும்."

மின்விசிறி வைக்கலாம் என்றால் அதுவும் கரண்டு. ஷெர்காஸி மருமகளைக் கூப்பிட்டார். ஜிபேக் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கதவோரம் வந்து நின்றாள். வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாகிறது; அவள் மாமனாரிடம் பேசிய வார்த்தைகளை ஒரு கிண்ணத்தில் போட்டால் கிண்ணம் நிறையாது. நல்ல மருமகள் என்று தெருவே சொல்லும்.

"அம்மா ஜிபேக், ஒரு அட்டையை எடுத்து இந்தப் பொட்டிக்குப் பின்னால நின்னு கொஞ்சம் விசிறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அட்டையை எடுத்தாள். மாமனாருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று இரண்டு கையாலும் விசிறினாள். ஷெர்காஸி ஒரு காயை நகர்த்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் விசிறிய நேரம் முழுக்க வாத்தியார் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"காத்தும் ஒத்துக்கலை. சளி பிடிச்ச கன்னுக்குட்டி மாதிரி இன்னும் மோசமாயிடுச்சு. போதும்மா, நீ போ" என்றார்.

அவள் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே வாத்தியார் அருமையாக ஒரு காயை நகர்த்தி, ஷெர்காஸியின் குழி ஒன்றை மொத்தமாகக் காலி செய்தார்.

"பாத்தியா புருல்! காத்தை நிறுத்தின உடனே முழிச்சுக்கிச்சு. நான் சொல்லலை?"

புருல் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு டீயைக் குடித்தாள்.

நோயாளி எழுந்து ஒரு வாய் தீனி தின்றுவிட்டால் வைத்தியனுக்குத் தைரியம் வந்துவிடும். மிச்சமிருக்கும் காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிடுவது என்று ஷெர்காஸி முடிவு செய்தார். தாலாய்க்குப் போன் போட்டார்.

"வீட்டு வைஃபையை வேற யாராவது இழுக்கறாங்களா டாக்டரய்யா?"

"எங்கிட்ட இருக்கறது பட்டன் போன். புருலுக்குப் போனே கிடையாது. மருமக போன் ஒண்ணுதான்."

"அப்ப அதுதான். அதை நிறுத்துங்க."

புருஷனைக் கொரியாவில் விட்டிருக்கும் பெண்ணிடம் போனை நிறுத்து என்று எப்படிச் சொல்வது? யோசித்தார். போனும் அவளுடையது. அழுகிற குழந்தையும் அவளுடையது. அவளுடைய அம்மா வீட்டார் கோடைக்கு மந்தையோடு மலைமேல் மேய்ச்சல் நிலத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சாயங்கால டீயின்போது அறிவித்தார்.

"ஜிபேக், நீயும் பிள்ளையும் அம்மாகிட்ட போய் நாலு நாள் இருந்துட்டு வாங்க. மேய்ச்சல் காத்து, குதிரைப் பால். பிள்ளைக்கு உடம்பு தேறும்."

ஜிபேக்கின் முகம் வாடியது. "போட்டி முடிஞ்சப்புறம் போறேனே, மாமா" என்றாள் மெதுவாக. அந்த வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"போட்டிக்கும் உனக்கும் என்னம்மா? அது என் கவலை. நீ போயிட்டு வா."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று புருல் கேட்டாள்.

"எல்லாம் யோசிச்சாச்சு."

"அப்ப நான் எதுவும் சொல்றதுக்கில்லை" என்றாள் புருல். அவள் ஏன் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

கேட்கும் முன் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய மாமனார் என்று தெருப் பெண்கள் ஷெர்காஸியை வாழ்த்தினார்கள். தங்கள் மாமனார்களுக்கு அவரை உதாரணம் காட்டி அவர்கள் வாயில் திட்டும் வாங்கினார்கள். வண்டி கிளம்பியதும் ஷெர்காஸி கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வீடு நிசப்தமாக இருந்தது. அழுகை இல்லை, போன் இல்லை, அடுப்பு இல்லை. முதல் காயை நகர்த்தினார்.

வட்டம் சுற்றியது.

டீ குடித்துவிட்டு வந்தார். சுற்றியது. பூண்டுப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தார். சுற்றியது. மறுநாளும் சுற்றியது. ‘எதிராளிக்காகக் காத்திருக்கிறது’ என்று அடியில் சின்னதாக ஒரு வரி வேறு. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"முடிஞ்சுது புருல். இது சாவு மூச்சு" என்றார். "கண்ணு திறந்திருக்கும், விலா ஏறி இறங்கும், ஆனா உள்ளே ஒண்ணும் இருக்காது. நான் எத்தனை பாத்திருக்கேன்."

"மருமக வரட்டுமே. வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"மருமக வந்து என்ன பண்ணப் போறா? அவ என்ன இன்ஜினீயரா?"

அந்த வாரமே தாலாய் வந்தான். கேட்காமலே முகாஷும் வந்தான். ஆபரேஷனுக்கு முன் ஷெர்காஸி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, பெட்டி சுகமாகப் பிழைத்து எழ வேண்டும் என்று துஆ கேட்டார். "ஓமின்" என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். முகாஷ்தான் கொஞ்சம் அதிக பக்தியோடு தடவினான்.

‘இப்போதே’ பொத்தானை அமுக்கச் சொல்லித் தாலாய் மவுஸை அவர் பக்கம் தள்ளினான். ஷெர்காஸி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊசி குத்தும் வேகத்தில் அமுக்கினார்.

புதிய சிஸ்டம் வந்தது. பளபளவென்றிருந்தது. மலை, ஏரி, மேகம் என்று படம் காட்டியது. பழைய ஆட்டத்தைத் தாலாய்தான் திறந்தான். திறந்தது!

"வாத்தியார் பிழைச்சுட்டார்!" என்று எழுந்தே விட்டார் ஷெர்காஸி.

அதே வட்டம் சுற்றியது. தாலாய் எங்கோ நுழைந்து எதையோ மாற்றினான். "இப்ப ஆடிப் பாருங்க."

ஷெர்காஸி ஒரு காயை நகர்த்தினார். கையை எடுக்கும் முன் பதில் வந்தது. அடுத்த காய். கண் சிமிட்டும் முன் பதில்.

"பறக்குதா இல்லையா?" என்றான் தாலாய் பெருமையோடு.

பறந்தது. ஆனால் எங்கே பறக்கிறோம் என்று தெரியாமல் பறந்தது. வாசலில் நின்று கூப்பிடுகிற குழியை விட்டுவிட்டு வெறுங்குழிக்குக் காய் போட்டது. கொட்டாவி விட்டுக்கொண்டே ஷெர்காஸி ஜெயித்தார். மறுபடி ஜெயித்தார். மூன்றாம் ஆட்டத்தில் வேண்டுமென்றே தப்பாக ஆடிப் பார்த்தார். அப்போதும் ஜெயித்தார்.

"வேகம் வந்திருக்கு. மூளை போயிடுச்சு" என்றார்.

முகாஷ் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தான். "வருத்தப்படாதே. இந்த வருஷம் காதோட நாக்கும் சேத்து அறுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு, செய்தியோடு தெருவுக்கு ஓடினான்.

"பழசையே திரும்பப் போட முடியாதா?" என்று கேட்டார் ஷெர்காஸி.

"போடலாம். ஆனா பழையபடி ஆடுமான்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றான் தாலாய். பழசைத் திரும்பப் போட்டும் பார்த்தான். வட்டம் விசுவாசமாகச் சுற்றியது.

அதன்பின் ஷெர்காஸி கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். காலை டீ முடிந்ததும் கால் பழக்கத்தில் அந்த அறைக்குப் போகும். துணியைப் பார்த்ததும் திரும்பிவிடும். புருல் கரண்ட் அடுப்பை மறுபடி உள்ளே கொண்டுவந்தாள். அவர் ஏனென்று கேட்கவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் வாசலில் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. சம்பந்தியம்மா ஒரு தோல்பை நிறையக் குதிரைப் பாலோடு இறங்கினார். பின்னாலேயே குழந்தையை இடுக்கிக்கொண்டு ஜிபேக்.

விரிப்பைப் போட்டு, ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும் பரப்பி, எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜிபேக் பெரியவர்களுக்குக் குனிந்து வணங்கிவிட்டு, ஒரு ஓரமாக மண்டியிட்டு டீ ஊற்றத் தொடங்கினாள்.

"இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கலாம்னுதான் இருந்தேன் சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. "இவ இருந்தாத்தானே! வந்த நாள்லேருந்து போனைத் தூக்கிக்கிட்டு மலை மலையா ஏறிப் பாத்தா. எங்க மேய்ச்சல்ல எந்த மூலையில நின்னாலும் அது எடுக்காது."

"புருஷன் ஞாபகம்" என்றார் ஷெர்காஸி. "பாவம், சின்னப் பொண்ணு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு சம்பந்தியம்மா ரொட்டியைப் பிய்த்தார். "நீங்க ஏன் சம்பந்தி இப்படி இளைச்சுட்டீங்க? போட்டிக்குத் தயாரா?"

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த மனுஷன் கொட்டிவிட்டார். அடுப்பை வெளியே போட்டது, விசிறியது, பொத்தானை அமுக்கியது எல்லாம் சொன்னார்.

"எல்லாரும் அதை மிஷின்னு நினைக்கறீங்க. எனக்கு அது மிஷின் இல்லை. போன குளிர்காலத்துல எங்க அண்ணன் போயி, அடக்கம் பண்ணிட்டு வந்து, யார்கிட்டயும் பேசப் பிடிக்காம அது முன்னால உக்காந்தேன். அன்னிக்கு எனக்கு ஆட்டமே வரலை, கண்ணும் தெரியலை. கண்டபடி காயைப் போட்டேன். அப்படியும் மூணு ஆட்டமும் அதுதான் தோத்துச்சு சம்பந்தி. சிஸ்டத்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துச்சு."

ஜிபேக் ஊற்றிக்கொண்டிருந்த டீ கிண்ணம் நிறைந்து விரிப்பில் வழிந்தது. வீட்டில் யாருக்கும் அரைக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றி அறியாத பெண். நிறைகிண்ணம் நீட்டினால் எழுந்து போ என்று அர்த்தம். ஷெர்காஸி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. புருல்தான் கெட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நாளைக்குத் தோத்தாத் தோத்துட்டுப் போறேன். முகாஷ் கையால காதையும் தின்னுட்டுப் போறேன்" என்றார் ஷெர்காஸி. "ஆனா போட்டிக்கு முன்னால அந்த வாத்தியார்கூட ஒரே ஒரு ஆட்டம் ஆடக் கிடைச்சா, எனக்கு அது போதும்."

சம்பந்தியம்மா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப பலகையை எடுத்துப் போட்டு இவளை உக்காரச் சொல்லுங்க சம்பந்தி, மாமனார் எதிர்ல உக்காரக் கூடாதுன்னுதானே என் பொண்ணு இத்தனை நாளா அடுப்படியில நின்னுக்கிட்டே போன்ல உங்களோட ஆடிக்கிட்டிருக்கா!"